சொல்லாம இருந்தா ஆமாம்னு அர்த்தமா?

“ஆமாம்னு சொல்லு, இல்லாட்டி இல்லன்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணுதானே கேக்குறேன்? என்னமோ கோர்ட்டுல சாட்சிக் கூண்டுல நிக்கிற மாதிரி முழிக்கிற!”

ராசம்மாள் கையில் இருந்த தோசைக் கரண்டி மகளின் மூக்குக்கு நேராக நீண்டிருந்தது. கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலை இல்லை.

“அம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“பஸ்ஸு போனா அடுத்த பஸ்ஸு வரும். கடலூர்ல சிதம்பரம் பஸ்ஸுக்கா பஞ்சம்? உங்கண்ணனுக்கு இந்த மாதிரி ஒரு பொண்ணு அடுத்து வருமா? அத சொல்லு.”

“அப்ப கட்டி வைங்க. யாரு வேணாங்கறது?”

“நீதான்டி வேணாங்கற. வாயத் தொறக்காமயே வேணாங்கற!”

போன வாரம் பெண் பார்க்கப் போன கதையைப் படித்தவர்களுக்கு இந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தது என்று தெரியும். படிக்காமல் விட்டவர்களுக்காக ஒரு நிமிடம்.

அறிவுமதி உளவியல் முதுகலை கடைசி வருஷம். பயிற்சிக்காகத் தினமும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ் ஏறி, அங்கே ஒரு மருத்துவமனையின் மூன்றாவது மாடிக்குப் போய்வருகிறாள். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்காக அங்கே தனியாக ஒரு பிரிவு. நடத்தை மருத்துவம் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தீராத வலி, வராத தூக்கம், இறங்காத சர்க்கரை, விட முடியாத சிகரெட், இப்படி மாத்திரை மட்டும் போட்டால் போதாத விஷயங்களைப் பழக்கவழக்கத்தை மாற்றிச் சரிசெய்கிற இடம். ஒரே ஒரு சிக்கல். பக்கத்து வராந்தாதான் மனநலப் பிரிவு. லிப்ட் வாசலில் இரண்டுக்கும் ஒரே அம்புக்குறி.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கதிரவனுக்குப் பெண் பார்க்கக் குடும்பமே சிதம்பரம் போயிற்று. பெண் இசைவாணி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காப்பி வருவதற்கு முன்னாலேயே கதிரவனுக்குப் பிடித்துவிட்டது. எல்லாம் நல்லபடியாகப் போயிருக்கும், பெண்ணின் அப்பா மட்டும் வாசலுக்கு வராமல் இருந்திருந்தால்.

வந்தவர் பாலகுமார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். பனிமலை டியூட்டியில் இடது கையில் இரண்டு விரலைப் பனிக்குக் கொடுத்தவர். வெள்ளிக்கிழமை தோறும் அறிவுமதியின் குழுவில் வலப்பக்கம் முதல் நாற்காலியில் உட்காருகிறவர்!

பழத்தட்டு அவள் கையில் ஒரு பக்கமாகச் சரிந்தது. அவரோ இமைகூடத் தட்டவில்லை. “வாம்மா, நீதான் மாப்பிள்ளையோட தங்கச்சியா?” என்று புது ஆளைப் பார்ப்பதுபோலக் கை கூப்பினார். அவளும் புது ஆளுக்குச் சொல்வதுபோல வணக்கம் சொன்னாள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் பக்கிரி மாமா என்று ஒருவர் இருக்கிறாரே! ராசம்மாளின் அண்ணன். சம்பந்தம் பேசினால் அக்கம்பக்கம் விசாரிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. விசாரித்தார். பெண்ணின் அப்பா வெள்ளிக்கிழமையானால் அந்த மருத்துவமனை லிப்டில் மூன்றாவது மாடிக்குப் போகிறார் என்று யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

“பொண்ணோட அப்பனுக்கே மூள சரியில்லன்னா நாளைக்கு நம்ம பேரப் புள்ளைங்க கதி?” என்று போனில் கேட்டார் மாமா. ராசம்மாளுக்கு அன்றைக்கு வந்த தலைவலி இன்னும் போகவில்லை.

“இங்க பாரு,” என்றாள் இப்போது. கரண்டி கீழே இறங்கியிருந்தது. “போன மாசம் புவனகிரி சம்பந்தம் வந்துச்சு. அந்த ஆளும் பட்டாளம். உங்க ஆஸ்பத்திரிக்கு வர்றாரான்னு கேட்டேன். என்ன சொன்ன?”

சொன்னது அறிவுமதிக்கே நன்றாக நினைவிருந்தது.

“‘ச்சே, அவரெல்லாம் வர்றதே இல்லம்மா’ன்னு டக்குனு சொன்ன. இவரக் கேட்டா மட்டும் ‘சொல்லக் கூடாது, ரூல்ஸு’ங்கற. வராதவருக்கு ரூல்ஸு இல்ல, வர்றவருக்குத்தான் ரூல்ஸா? அப்ப என்னடி அர்த்தம்? நான் என்ன விவரம் தெரியாதவளா?”

அங்கேதான் மாட்டிக்கொண்டாள். ஒருவரைப் பற்றி ‘இல்லை’ என்று சொன்ன வாய், அடுத்தவரைப் பற்றிச் சும்மா இருந்தால் அந்தச் சும்மாவே ‘ஆமாம்’ ஆகிவிடுகிறது. பயிற்சி ஆரம்பித்த முதல் நாள், அந்தப் பிரிவின் பொறுப்பாளர் ரீட்டா மேடம் சொன்னார்: வர்றாங்கன்னும் சொல்லாத, வரலன்னும் சொல்லாத. முதல் பாதியை அறிவுமதி நன்றாகப் பிடித்துக்கொண்டாள். இரண்டாம் பாதி எதற்கு என்று அன்றைக்கு விளங்கவில்லை. இப்போது விளங்கியது.

“சாயங்காலம் மாமா வர்றாரு. இன்னிக்கு வெள்ளிக்கெழம. பொண்ணு வீட்டுக்கு ஒரு பதில் சொல்லியாகணும். நீ இப்படியே வாய மூடிக்கினு இருந்தா வேணான்னு சொல்லிடுவேன். அப்புறம் உங்கண்ணன் மூஞ்சிய நீதான் பாத்துக்கணும்.”

கல்லில் இருந்த தோசையை எடுத்துக் குப்பையில் போட்டாள் ராசம்மாள். அறிவுமதி சாப்பிடாமலேயே கிளம்பினாள்.

பஸ் முதுநகர் தாண்டியதும் கதிரவனிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. ‘அம்மா என்ன மூட்?’ அவன் செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். காலை ஷிப்டில் செல்போனைத் தொடக் கூடாது என்பது அங்கே விதி. கல்யாண ஆசை விதியை மீறவைத்திருந்தது.

‘தோசை கருகிடுச்சு’ என்று பதில் அனுப்பினாள்.

‘புரிஞ்சிடுச்சு’ என்று வந்தது.

மூன்றாவது மாடியில் அவள் நுழைந்தபோது ஆட்கள் ஏற்கெனவே ஆஜர். பத்து மணிக்குக் குழு என்றால் ஒன்பதரைக்கே வந்துவிடுவார்கள். வட்டமாகப் போட்டுவைத்த நாற்காலிகளை யாரோ ஒருத்தர் வந்ததுமே நேர் வரிசையாக்கிவிடுவார். அவள் வாராவாரம் வட்டமாக்குவாள். அவர்கள் வாராவாரம் வரிசையாக்குவார்கள்.

“குட் மார்னிங் மேடம்!” என்றார் மரிய ஜோசப். கப்பற்படையில் சமையல் பிரிவில் இருந்தவர், கடலூர் முதுநகர்க்காரர். சர்க்கரைக்காக வருகிறார். “எப்பவும் ஃபர்ஸ்ட் சீட்டுல ஆர்மி ஒக்காந்துக்கும். இன்னிக்கு ஆர்மி கடேசி சீட்டுல கெடக்கு. என்னமோ டேஞ்சரு.”

“நேவிக்குத் தண்ணியத் தவிர வேற எதுவும் தெரியாது, பேசாம இருய்யா,” என்றார் பாலகுமார். ஆனால் அவர் குரலில் விளையாட்டு இல்லை. அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

இவர்களோடு வேலை செய்வதில் ஒரு விசேஷம் இருக்கிறது. வலி எவ்வளவு, பத்துக்கு எவ்வளவு மார்க் போடுவீர்கள் என்று கேட்டால் எல்லோரும் பூஜ்யம் போடுவார்கள். முதல் வாரத்தில் அறிவுமதி அதைப் பார்த்து, சிகிச்சை பிரமாதமாக வேலை செய்கிறது என்று துள்ளிக்கொண்டு ரீட்டா மேடத்திடம் ஓடினாள். மேடம் சிரித்தார். “சர்வீஸ்ல இருக்கும்போது வலிக்குதுன்னு சொன்னா ‘லோ மெடிக்கல் கேட்டகரி’ல போட்டுடுவாங்கம்மா. ப்ரமோஷன் போச்சு. முப்பது வருஷப் பழக்கம். டாக்டரப் பாத்தா வாய் தானா ‘ஃபிட் சார்’னு சொல்லும். நீ வலியக் கேக்காத. நேத்து எந்த வேலையச் செய்யாம விட்டீங்கன்னு கேளு.”

அப்படிக் கேட்ட அன்றைக்குத்தான் பாலகுமார் முதல் தடவையாக வாய் திறந்தார். “சட்டைக்குப் பட்டன் போடல மேடம்.”

இல்லாத இரண்டு விரலும் உள்ளுக்குள் மடங்கி, இல்லாத நகம் உள்ளங்கையில் குத்துகிறதாம். ராத்திரி தூங்க விடாதாம். பட்டன் துளையில் கை போனாலே உயிர் போகுமாம். இதை வீட்டில் எப்படிச் சொல்வது? இல்லாத விரல் வலிக்குது என்றால் என்ன நினைப்பார்கள்? அதனால் வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறார்.

அவருக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி கொடுத்தார்கள். இடது கையைப் பெட்டிக்குள் மறைத்து, வலது கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து மெல்ல விரித்து மூட வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் இடது கை முழுசாக, ஐந்து விரலோடு விரிகிற மாதிரி தெரியும். அப்படிப் பார்க்கப் பார்க்க, மடங்கிக் கிடந்த விரலும் விரிந்துவிட்டதென்று மூளை நம்பிவிடும். வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் செய்தார். ஒரு வெள்ளிக்கிழமை, “ராத்திரி முழிப்பே வரல மேடம்” என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக வெட்கப்பட்டார்.

குழு ஆரம்பிப்பதற்கு முன் அறிவுமதி நேராக ரீட்டா மேடம் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். பெண் பார்க்கப் போனது, புவனகிரி விஷயத்தில் வாய் விட்டது, இன்றைக்கு சாயங்காலம் மாமா வருவது.

மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார். அப்புறம், “திங்கக்கெழமையே சொல்லியிருக்கணும்,” என்றார். “சரி, இப்பவாவது சொன்னியே. இன்னிக்கு குரூப்ப நான் பாத்துக்கறேன். இனிமே நீ அவரப் பாக்கக் கூடாது. சகாய ஆனந்த் பாப்பான். அவரோட ஃபைலையும் நீ தொடக் கூடாது.”

“வீட்டுல என்ன மேடம் சொல்றது?”

“யாரப் பத்தியும் எதுவும் சொல்ல மாட்டேன்னு சொல்லு.”

“அப்படிச் சொன்னாலே அது ஆமாம்னு ஆயிடுது மேடம்!”

“ஆமாம், ஆயிடும்,” என்றார் மேடம் சாதாரணமாக. “ஆனாலும் அதத்தான் சொல்லணும். அவர வரச் சொல்லு. ரெண்டு பேரும் சேர்ந்தே அவர்கிட்ட பேசிடலாம்.”

பாலகுமார் வந்தார். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். மேடம் விஷயத்தைச் சொன்னார். வேறு பயிற்சியாளர் பார்ப்பார், சிகிச்சை அப்படியே தொடரும், இந்தப் பெண் உங்களைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

அவர் கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்.

“அவுங்க வீட்டுல கேட்டுட்டாங்களா?”

அறிவுமதி மேடத்தைப் பார்த்தாள். மேடம் தலையசைத்தார். “கேட்டாங்க சார். நான் எதுவும் சொல்லல.”

“எதுவுமே சொல்லலியா?”

“இல்ல சார்.”

பாலகுமார் ஒரு பெருமூச்சு விட்டார். “அப்ப முடிஞ்சுது. பொண்ணு வீட்டப் பத்திக் கேக்கும்போது யாராச்சும் பேசாம இருந்தா எங்க ஊர்ல என்ன அர்த்தம் தெரியுமா மேடம்? என் தங்கச்சிக்கு மாப்ள பாக்கும்போது ஒருத்தர விசாரிச்சோம். அவரு ஒண்ணுமே சொல்லாம வெத்தலய மென்னுக்கினு இருந்தாரு. நாங்க அன்னிக்கே அந்த எடத்த விட்டுட்டோம்.”

அவர் தொடை மேல் வைத்திருந்த இடது கையை வலது கையால் மூடிக்கொண்டார்.

“சரி, ஒண்ணு பண்ணுவோம். இப்பவே என் பேர எடுத்துடுங்க. இனிமே நான் வர்றதில்ல. அப்ப அவுங்க அம்மா கேட்டா, ‘வர்றதில்ல’ன்னு சொல்லலாம். பொய் இல்லியே? நெசம்தானே?”

“சார், அப்படி இல்ல,” என்றாள் அறிவுமதி. “நீங்க வந்தாலும் வராட்டியும் என்னோட பதில் ஒண்ணுதான்.”

“பாலகுமார் சார்,” என்றார் ரீட்டா மேடம். “இப்பத்தான் தூக்கம் வர ஆரம்பிச்சிருக்கு. நடுவுல விட்டா பழைய எடத்துக்கே போயிடும். அது உங்களுக்கே தெரியும்.”

“தெரியும் மேடம். தூக்கம் இல்லாம நான் எவ்ளோ வருஷம் ஓட்டியிருக்கேன்! அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. எனக்கு ஒரே பொண்ணு. அது படிச்சி, வேலைக்குப் போயி, முதமுதல்ல ஒரு பையனப் பாத்து சிரிச்சிருக்கு. என் வெரலுக்காக அதக் கெடுக்கறதா?”

எழுந்தார். தோள்பையிலிருந்து கண்ணாடிப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். பெட்டியைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, மூலை மூலையாகக் கச்சிதமாக மடித்திருந்தார்.

“நீங்க குடுத்த பயிற்சி நல்ல பயிற்சி மேடம்,” என்றார் அறிவுமதியிடம். “ஞாயித்துக்கெழம நீங்கள்லாம் வந்தப்ப நான் போட்டிருந்த சட்டைக்கு நானேதான் பட்டன் போட்டேன். வூட்டுல ஒருத்தருக்கும் அது தெரியாது. ஒங்களுக்காச்சும் தெரியட்டும்.”

விறைப்பாகத் திரும்பி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

அறிவுமதிக்குக் கண் எரிந்தது. “மேடம், நான் அம்மாகிட்ட வரலன்னு சொல்லிட்டா என்ன? ஒரே ஒரு வார்த்த. அவரும் திரும்பி வந்துடுவாரு, கல்யாணமும் நடந்துடும்.”

“அவருக்காக ஒரு தடவ பொய் சொன்னா, அடுத்த வாரம் இன்னொருத்தர் உன்கிட்ட வாய் தொறக்கறதுக்கு முன்னாடி யோசிப்பாரு. இந்தப் பொண்ணு வேணும்னா சொல்லுது, வேணாம்னா மறைக்குதுன்னு.” மேடம் பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்தார். “இது இங்கியே இருக்கட்டும். அவரு வந்தாலும் வருவாரு, வராமலும் போவாரு. அது அவரோட முடிவு. நீ போய் ஒரு டீ குடி. காலைலருந்து சாப்பிடலதானே?”

சாயங்காலப் பஸ்ஸில் கதிரவன் போன் செய்தான். செம்மங்குப்பத்திலேயே இறங்கிவிடு, பைக்கில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். ஸ்டாப்பில் அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே நின்றிருந்தான்.

“இன்னா, அழுத மூஞ்சியா இருக்கு?”

“பஸ்ஸுல தூசி.”

“எங்க கம்பெனிப் பொகைல எறங்குனாத்தான் எல்லாருக்கும் கண்ணு எரியும். உனக்கு ஏறும்போதே எரிஞ்சிடுச்சா?” வண்டியைக் கிளப்பாமல் கேட்டான். “மாமா காலைலருந்து மூணு தடவ போன் போட்டுட்டாரு. அந்த ஆளு பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போறாரு, உன் தங்கச்சிக்குத் தெரியும், அவ மறைக்கிறாங்கறாரு.”

“அண்ணா, நான்...”

“ஏய், நான் ஒண்ணும் கேக்கல. நீ சொல்லவும் வேணாம். ஒரு வார்த்த மட்டும் சொல்லு. அவரப் பத்தி இல்ல, உன்னப் பத்தி. இசைவாணி தலைல பூ வைக்கச் சொன்னா நீ சந்தோஷமா வைப்பியா?”

அறிவுமதி யோசித்தாள். இது பதிலா, பதில் இல்லையா? ரீட்டா மேடம் இருந்தால் இதற்கு ஒரு பாராவாவது பேசியிருப்பார்.

“வைப்பேன்,” என்றாள்.

“போதும். ஏறு.”

வழி நெடுக அவன் விசிலடித்துக்கொண்டே வந்தான்.

வீட்டில் பக்கிரி மாமா சோபாவில் ஒரு பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா அன்புமணிக்குக் கம்மாபுரம் பிளாக் ஆபீசில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். அதனால் இந்த மாதிரி விஷயத்தில் மாமா வைத்ததுதான் சட்டம்.

“வாம்மா டாக்டரு,” என்றார் மாமா. “உன் வாயிலருந்து முத்து உதிருமான்னு காத்துக்கினு இருக்கோம்.”

அறிவுமதி நின்றபடியே சொன்னாள். பஸ்ஸில் மனதுக்குள் ஒத்திகை பார்த்ததுதான். “மாமா, போன மாசம் புவனகிரிக்காரரு வர்றதில்லன்னு நான் சொன்னேன்ல? அது தப்பு. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவரப் பத்தியும் சொல்ல மாட்டேன். இவரப் பத்தியும் சொல்ல மாட்டேன். யாரக் கேட்டாலும் இனிமே அதே பதில்தான்.”

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அய்யய்யோ, அப்ப அந்தாளும் வர்றானா?”

“மாமா!”

“ராசம்மா, இவ சொல்றதப் பாத்தா இந்த ஜில்லாவுல இருக்கற பட்டாளத்துக்காரங்க எல்லாருக்குமே மர கழண்டுக்குச்சு போலருக்கே!”

கதிரவன் சிரித்துவிட்டான். ராசம்மாள் சிரிக்கவில்லை. “அறிவு, இங்க வா. காப்பி போடணும்,” என்று சமையலறைக்குப் போனாள்.

அடுப்பில் பாலை வைத்தாள். கொஞ்ச நேரம் பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டு வரும் என்று அறிவுமதி காத்திருந்தாள். வரவில்லை.

“நான் ஒண்ணு கேக்குறேன். அந்தாளப் பத்தி இல்ல. பொதுவா.”

“கேளும்மா.”

“அங்க வர்றவங்க எல்லாம் பைத்தியமா?”

“இல்லம்மா. வலி, தூக்கம், சுகரு, இதுக்குத்தான் ஜாஸ்தி பேரு வருவாங்க.”

“நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டா அதுக்கும் பாப்பாங்களா? ஈசிஜி எடுத்தா ஒண்ணும் இல்லன்னு வருது. ஆனா அடிச்சுக்குது. கை வேத்துப் போவுது. மார்க்கெட்டுல நிக்கும்போது இங்கியே வுழுந்துடுவோம்போல இருக்குது.”

அறிவுமதி அம்மாவைப் பார்த்தாள். “யாருக்கும்மா?”

“யாருக்கோ. பொதுவாத்தான் கேக்குறேன்னு சொன்னேன்ல?”

“பாப்பாங்க. எங்களுது ஆர்மிக்காரங்களுக்கு. பொதுவா வர்றவங்களுக்குத் தனி ஓ.பி. இருக்கு. நல்லாவே சரியாகும்.”

ராசம்மாள் பாலை இறக்காமல் அடுப்பை மட்டும் குறைத்தாள். “அப்டி ஒருத்தி அங்க வந்தான்னு வையி. அவ வூட்டுக்காரரு வந்து கேட்டா?”

“சொல்ல மாட்டாங்க.”

“அவ அண்ணன்காரன்? ஊரெல்லாம் விசாரிப்பான்.”

“சொல்லவே மாட்டாங்க.”

“பெத்த பொண்ணு அங்கியே வேல செஞ்சா?”

“அந்தப் பொண்ணு பாக்கக் கூடாதும்மா. வேற ஆளு பாப்பாங்க. பொண்ணுகிட்டயும் சொல்ல மாட்டாங்க.”

ராசம்மாள் இன்னும் கொஞ்சம் நின்றாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்ததும் அவளே, “பாத்துக்கினு நிக்கிறியே, எறக்க மாட்டியா?” என்று மகளைத் திட்டினாள். அந்தத் திட்டில் காலையில் இருந்த காரம் இல்லை.

காப்பியோடு கூடத்துக்கு வந்தாள். டம்ளரை மாமா கையில் கொடுத்தாள்.

“அண்ணே, அவுங்களுக்கு போன் போடு. எங்களுக்குச் சம்மதம்னு சொல்லு. வர்ற மாசம் தட்டு மாத்திக்கலாம்.”

“ஏய், என்ன நீ? அந்தாளு மூணாவது மாடிக்குப் போறானா இல்லியான்னு...”

“போனா போவட்டும். எங்க போனா நமக்கென்ன? நீ அப்பப்ப மூல வைத்தியருகிட்ட போறியே, அத நான் எந்த சம்பந்தி வூட்லயாவது சொல்லிக்கினு இருக்கனா?”

கதிரவன் சிரிப்பை அடக்க ஹெல்மெட்டுக்குள் முகத்தை விட்டுக்கொண்டான். பக்கிரி மாமா காப்பியை ஒரே வாயில் குடித்தார், சுட்டது, போனை எடுத்தார். போனை எடுத்தாலே ஸ்பீக்கரைப் போட்டுவிடுவது அவர் வழக்கம். காதில் வைத்தால் சரியாகக் கேட்காது.

அந்தப் பக்கம் எடுத்தது பாலகுமாரேதான். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நடந்தது முழுக்கத் தன்னால்தான் என்பதுபோலச் சம்மதத்தைச் சொன்னார். எதிர்ப்பக்கம் தூரத்தில் ஒரு பெண் குரல், “என்னப்பா சொன்னாங்க?” என்று கேட்டது. கதிரவனுக்குக் காது சிவந்தது.

“ரொம்ப சந்தோஷம் சம்பந்தி, ரொம்ப சந்தோஷம்,” என்றது பாலகுமாரின் குரல். “மாப்பிள்ளையோட தங்கச்சி பக்கத்துல இருக்குதா? அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லிக்கணும்.”

“தோ, இங்கதான் நிக்கிது,” என்று மாமா போனை அறிவுமதியின் முகத்துக்கு நேராக நீட்டினார். ஸ்பீக்கரை அணைக்கவில்லை. அணைக்கலாம் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. அவள் கை போவதற்குள் குரல் முந்திக்கொண்டது.

“அம்மா, ஒங்களுக்கு ரொம்ப நன்றிம்மா. நான் அங்க வர்றதில்லன்னு அம்மாகிட்ட சொல்லிட்டீங்க போலருக்கு. எனக்காகச் சொன்னீங்க. அத நான் பொய்யாக்க மாட்டேன். இனிமே அந்தப் பக்கமே வரமாட்டேன், இது சத்தியம். ரீட்டா மேடத்துக்கிட்டயும் சொல்லிடுங்க.”

மாமாவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. கதிரவன் ஹெல்மெட்டைக் கீழே வைத்தான். ராசம்மாள் போனைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இந்தப் பெண் இப்போது என்ன செய்யப்போகிறது என்று பார்க்கிற பார்வை அது.

“ஹலோ? அம்மா? கேக்குதுங்களா?”

‘எதுக்குங்க நன்றி, எனக்கு ஒண்ணுமே புரியலையே’ என்று சொல்லலாம். அவர் சட்டென்று புரிந்துகொண்டு பேச்சை மாற்றிவிடுவார். ரகசியத்தில் பாதியாவது பிழைக்கும். ஆனால் அவர் செய்த சத்தியமும் அப்படியே நின்றுவிடும். மனிதர் திரும்பி வரவே மாட்டார். ‘நீங்க நிறுத்தக் கூடாது, அடுத்த வெள்ளிக்கிழமை வந்தே ஆகணும்’ என்று சொல்லலாம். அவருக்குத் தூக்கம் திரும்பும். ஆனால் இத்தனை நாள் கட்டிக் காத்ததை, மாமாவையும் வைத்துக்கொண்டு, அவளே தன் வாயால் போட்டு உடைத்ததாகிவிடும். பேசாமல் இருக்கலாமா என்றால், பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் ஆகிறது என்பதைத்தான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோமே!

அறிவுமதி போனைக் கையில் வாங்கிவிட்டாள். அவர் இன்னும் லைனில் இருக்கிறார். சீக்கிரம் சொல்லுங்கள், அவள் என்ன பேசினால் சரியாக இருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?